சிட்டி கோல்ஃபில் 1.8 டர்போ இன்ஜின்: எந்த வாட்டர் பம்ப் வாங்குவது?

சாட்ஸ்வர்த்_சிட்டி எழுதியது:

வணக்கம். என் சிட்டி கோல்ஃபுக்கு (தென்னாப்பிரிக்காவில் செய்த ஃபோக்ஸ்வேகன் கார்) இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப் மாற்ற வேண்டும். எதை வாங்குவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

வண்டி 2004ஆம் ஆண்டு மாடல். யூட்டன்ஹேக் தொழிற்சாலையிலிருந்து வரும்போது 1.4 இன்ஜின். இப்போது உள்ளே இருப்பது கோல்ஃப் 4-இன் 1.8 டர்போ, 20 வால்வு. நான் வாங்கும்போதே மாற்றியிருந்தார்கள். ரேடியேட்டர் பழைய 1.8 சிட்டியின் 525 மில்லிமீட்டர் அகலமுள்ளது. மின்விசிறி நன்றாக ஓடுகிறது. பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கொஞ்சம் கூட்டப்பட்டிருக்கிறது, பந்தயத்துக்கெல்லாம் போவதில்லை.

சாட்ஸ்வர்த்துக்குள்ளும் டர்பன் நகரத்துக்குள்ளும் ஒரு தொல்லையும் இல்லை. ரோபோவில் (சிக்னலில்) எவ்வளவு நேரம் நின்றாலும் வெப்பநிலை முள் அசையாது. ஆனால் டோல் கட்டாமல் போகலாம் என்று எம்13 பிடித்து, பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறினால் பாதி மேட்டிலேயே முள் மேலே போகிறது. குளூஃப் தாண்டி ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி ஒழுங்காக ஓடுகிறது. புனித வெள்ளியன்று அம்மாவைப் பூமிதிக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும். அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

இப்போதுள்ள பம்பை யார் போட்டார்கள் என்று தெரியாது. கம்பெனியின் பம்பே போதும் என்கிறார் ஒருவர். பிளாஸ்டிக் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) உடைந்துவிடும், இரும்புதான் வேண்டும் என்கிறார் இன்னொருவர். மின்சாரப் பம்ப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்கிறார் மூன்றாமவர். யாரை நம்புவது?

ஃபீனிக்ஸ்_டாஸ் எழுதியது:

பிராஸ்பெக்டனில் செய்த டொயோட்டா டாஸ் ஒன்றை வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அம்மாவை என் வண்டியில் அனுப்பிவிடு தம்பி, நீ பின்னால் பஸ்ஸில் வந்து சேர்.

மெரிபாங்க்_பட்டறை எழுதியது:

டாஸ்காரர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே தம்பி. போன மாதம் அவர் வண்டியை இழுத்து வந்தது என் பக்கிதான் (பிக்கப் வண்டி).

எந்தப் பம்ப் என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் இரண்டு விஷயம் சொல்.

ஒன்று, இன்ஜின் குறி என்ன? பிளாக்கும் (இன்ஜினின் உடல்) கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் மூன்று எழுத்து அடித்திருக்கும். டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் பல் பெல்ட்) மூடியிலும் ஸ்டிக்கர் இருக்கலாம். 1.8 டர்போ என்று ஒரே பெயரில் இரண்டு வகை பிளாக் உண்டு. பசாட், ஆடி ஏ4 ஆகியவற்றில் நீளவாக்கில் உட்கார்ந்த பழைய ஏ.இ.பி. இன்ஜின் 058 பிளாக். அதில் பம்ப் வெளியே தனி உறைக்குள் இருக்கும், வி பெல்ட் சுற்றும். கோல்ஃப் 4-இல் குறுக்காக உட்கார்ந்தது 06ஏ பிளாக். அதில் பம்ப் பிளாக்குக்குள்ளேயே செருகியிருக்கும், டைமிங் பெல்ட்தான் அதைச் சுற்றும். ஒன்று மற்றதில் ஏறாது. கவுண்டரில் போய் 'சிட்டி கோல்ஃப் பம்ப்' என்று கேட்டால் மூன்றாவதாக ஒன்றை, உன் வண்டியின் பழைய இன்ஜினுக்கு உரியதை, நீட்டுவார்கள். அதுவும் உதவாது.

இரண்டு, மேட்டில் முள் ஏறும்போது ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திற. டர்பன் வெயிலில் யார் ஹீட்டர் போடுவார்கள் என்று கேட்காதே. சூடான காற்று வருகிறதா, குளிர்ந்த காற்று வருகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல். முடிந்தால் இன்ஜின் கணினியில் ஒரு ரீடரைச் செருகி வெப்பநிலையை எண்ணாகவே படி. டாஷ்போர்டு முள்ளை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க முடியாது.

சாட்ஸ்வர்த்_சிட்டி எழுதியது:

அண்ணா, குறி ஏ.யு.எம். நேற்று மாலை மறுபடி ஏறிப் பார்த்தேன். சமதளத்தில் ரீடர் 91, 92 காட்டியது. மேட்டில் மெல்ல 100 தாண்டி 112 வரை போனது. ஹீட்டரில் முதலில் நல்ல சூடு வந்தது. 105 தாண்டிய பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், காற்று குளிர்ந்துவிட்டது. இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டர் எப்படிக் குளிரும்? நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன்: ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) அளவு குறையவில்லை.

மெரிபாங்க்_பட்டறை எழுதியது:

அந்தக் குளிர்ந்த காற்றுதான் உன் நோயைச் சொல்கிறது.

ஏ.யு.எம். என்றால் 06ஏ பிளாக். இதில் தெர்மோஸ்டாட் (சூடு ஏறினால் திறக்கும் கதவு) ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் வழியில், பம்புக்கு முன்னால் இருக்கிறது. 87 டிகிரியில் திறக்கத் தொடங்கும். ஹீட்டருக்குப் போகும் தண்ணீருக்கு அந்தக் கதவு கிடையாது, அது எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருந்தால் ரேடியேட்டர் குளிர்ந்து கிடக்கும், ஹீட்டரோ அனலாய் வீசும். ரேடியேட்டர் அடைத்திருந்தாலும் ஹீட்டர் சூடாகவே இருக்கும். இரண்டும் சேர்ந்து குளிர்கிறது என்றால் தண்ணீர் எங்குமே நகரவில்லை என்று பொருள். தண்ணீர் நகராததற்குக் காரணம் மூன்றுதான்: கூலன்ட் குறைவு, ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) வழியாகப் புகை புகுந்து காற்றடைப்பு, அல்லது பம்ப் தள்ளவில்லை.

கூலன்ட் குறையவில்லை என்கிறாய். கேஸ்கெட்டைச் சோதிக்க நீலநிறத் திரவம் உள்ள கருவி உண்டு. எக்ஸ்பான்ஷன் பாட்டிலின் (கூலன்ட் ஊற்றும் பாட்டில்) வாயில் வைத்துக் காற்றை இழுத்தால், இன்ஜினில் எரிந்த புகை கலந்திருக்கும்போது நீலம் மஞ்சளாகும். பம்புக்குப் பணம் கட்டும் முன் அதைச் செய். பட்டறைக்கு வந்தால் நானே பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

அதுவும் தப்பித்தால் குற்றவாளி இம்பெல்லர். பழைய பிளாஸ்டிக் இம்பெல்லர்களின் வழக்கமான கோளாறு இது: அச்சைப் பிடித்திருக்கும் இடத்தில் விரிசல் விடும். இன்ஜின் மிதமான சூட்டில் இருக்கும்வரை பிடி இருக்கும். சூடு ஏறினால் பிளாஸ்டிக் விரிந்து பிடி தளரும். அச்சு சுழலும், இறக்கை நிற்கும். ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். நீ குளூஃபில் நிறுத்தி ஆறவிட்டதும் ஒழுங்காக ஓடுகிறது என்றாயே, அதற்கு இது பொருந்துகிறது.

ஆக்டன்வில்_20வி எழுதியது:

பெனோனியிலிருந்து எழுதுகிறேன். என் வண்டியிலும் இதே இன்ஜின். டேவிஸ் கிரெய்க் மின்சாரப் பம்ப், நிமிடத்துக்கு 115 லிட்டர் தள்ளும் வகை போட்டிருக்கிறேன். டெல்மாஸ் பக்கம் ரெட் ஸ்டார் பந்தயத் தடத்தில் ஓட்டி இறங்கிய பிறகும், இன்ஜினை அணைத்துவிட்டுப் பம்பை மட்டும் ஓடவிடலாம். டர்போவும் ஆறும். எங்கள் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் எங்களுக்கு இந்தக் கவலை அதிகம். தம்பியும் அதையே போடட்டும், பெல்ட்டுக்கும் பம்புக்கும் உறவே இல்லாமல் போய்விடும்.

மெரிபாங்க்_பட்டறை எழுதியது:

உறவு எங்கே போகும்? 06ஏ பிளாக்கில் டைமிங் பெல்ட் பம்பின் பல்சக்கரத்தைச் சுற்றித்தான் போகிறது. பழைய பம்பைக் கழற்றி எறிய முடியாது. இம்பெல்லரை அறுத்துவிட்டு உடலையும் சக்கரத்தையும் அதே இடத்தில் வைத்தாக வேண்டும். பேரிங் தேய்ந்தால் பெல்ட் போகும் ஆபத்து அப்படியே இருக்கும். அதோடு தெர்மோஸ்டாட்டை எடுத்து, கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்தி, ரிலே, ஃபியூஸ், புது வயர் எல்லாம் இழுக்க வேண்டும். தடத்தில் ஓட்டுகிற வண்டிக்கு அதில் அர்த்தம் இருக்கிறது. அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகிற வண்டியில், ஒரு ஃபியூஸ் எரிந்தால் தண்ணீர் ஓட்டம் மொத்தமாக நின்றுவிடும் ஏற்பாட்டை நான் செய்து தரமாட்டேன்.

ஆக்டன்வில்_20வி எழுதியது:

ஃபியூஸ் விஷயம் சரிதான். ஆனால் அணைத்த பிறகு ஓடும் வசதியை விட்டுவிடாதீர்கள். சில கோல்ஃப் 4 வண்டிகளில் அதற்கென்றே ஒரு சின்ன மின்பம்ப் கம்பெனியிலிருந்தே வந்தது. இன்ஜின் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் அதைக் காயலான் கடையிலேயே விட்டுவிடுகிறார்கள். தம்பி அதைத் தேடிப் போடலாம்.

டோங்காட்_அக்கா எழுதியது:

சர்க்கரை ஆலையில் பம்புகளோடு வேலை செய்கிறவள், அதனால் இரும்பா பிளாஸ்டிக்கா என்ற சண்டையில் கொஞ்சம் குறுக்கிடுகிறேன்.

இம்பெல்லர் எதனால் ஆனது என்பதைவிட அதன் உருவம் முக்கியம். மலிவான சில இரும்பு இம்பெல்லர்கள் தகட்டை வெட்டி நிமிர்த்திய நேரான துண்டுகள்தான். இறக்கை தாழ்வாக இருக்கும், வளைவே இருக்காது. வளைந்த ஆழமான இறக்கையுள்ள நல்ல பிளாஸ்டிக் அதைவிட அதிகம் தள்ளும். இப்போது கண்ணாடி இழை கலந்த உறுதியான பிளாஸ்டிக்கிலும் செய்கிறார்கள். அது பழைய கதை இல்லை. இரும்புக்கும் ஒரு குறை உண்டு: பேரிங் ஆடத் தொடங்கினால் இரும்பு இறக்கை பிளாக்கின் உட்சுவரைச் சுரண்டிவிடும், பிளாஸ்டிக் என்றால் இறக்கையே உடைந்துபோகும்.

கடையில் நிற்கும்போது இரண்டு சோதனை செய்யுங்கள். இம்பெல்லரைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு பல்சக்கரத்தைத் திருப்பப் பாருங்கள். துளியும் நழுவக் கூடாது. பிறகு வெர்னியரால், போல்ட் உட்காரும் முகத்திலிருந்து இறக்கை நுனிவரை அளந்து பழைய பம்போடு ஒப்பிடுங்கள். உயரம் கூடினால் உள்ளே உரசும். குறைந்தால் இறக்கைக்கும் சுவருக்கும் நடுவே தண்ணீர் பின்னோக்கி வழிந்துவிடும். பெல்ட் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பயனில்லை.

இன்னொன்று, இன்ஜின் மாற்றிய வண்டி என்பதால் சொல்கிறேன். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் பம்பு உறிஞ்சும் பக்கம். இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டுப்போட்டு வளைத்திருந்தால், பழைய ரப்பர் சூட்டில் இளகி, வேகம் கூடும்போது உள்ளே சப்பிக்கொள்ளும். ஒருவரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு ஹோஸைக் கண்ணால் பாருங்கள். பாட்டில் மூடியையும் மாற்றிவிடுங்கள். நல்ல மூடி 1.4 முதல் 1.6 பார் வரை அழுத்தத்தைத் தாங்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூடக் கடல் மட்டத்தில் சுமார் 125 டிகிரி வரை கொதிக்காது. மூடி கசிந்தால் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் விழுந்து, இறக்கைக்குப் பின்னால் நீராவிக் குமிழ்கள் பிறக்கும். அந்தக் குமிழ்கள் உடையும்போது உலோகத்தையே அரித்துவிடும். ஆலையில் அப்படி அரித்த இம்பெல்லரைப் பார்த்தால் கரையான் தின்ற மரம் மாதிரி இருக்கும்.

மெரிபாங்க்_பட்டறை எழுதியது:

அக்கா சொன்னதற்கு மேல் இம்பெல்லரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தம்பி, பகுதி எண் 06ஏ 121 என்று தொடங்குவதைக் கேள். ஹெபு, கிராஃப், எஸ்.கே.எஃப். பெயர்களில் பெல்ட்டோடு சேர்ந்த முழு செட்டாகவே கிடைக்கும். பெட்டியில் தயாரித்தவர் பெயர் இல்லாததை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதே.

பம்பை மட்டும் மாற்றாதே. பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளை, ஹைட்ராலிக் தாங்கி எல்லாம் சேர்த்து மாற்று. பம்புக்காக அதே இடத்தை மறுபடி பிரிக்கிற கூலியை நினைத்துப் பார். இந்த இன்ஜினில் பெல்ட் போனால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், இருபது வால்வு.

ஹைட்ராலிக் தாங்கியை மெல்ல மெல்ல அமுக்கி ஊசி செருகு. அவசரப்பட்டு அமுக்கினால் உள்ளே சீல் போய்விடும். பம்பின் ரப்பர் வளையத்தைக் கூலன்ட்டில் நனைத்துப் போடு. சிலிக்கான் பசை ஏதும் வேண்டாம். பம்பின் மூன்று போல்ட்டுக்கும் இறுக்கம் 15 நியூட்டன் மீட்டர். டைமிங் குறிகளைச் சேர்த்த பிறகு கிராங்கை (இன்ஜினின் முக்கியத் தண்டு) கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறி மறுபடி பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொடு.

கூலன்ட் இளஞ்சிவப்பு ஜி12 வகை, பாதிக்குப் பாதி. பழைய நீலப்பச்சைக் கூலன்ட் உள்ளே மிஞ்சியிருந்தால் நன்றாக அலசிவிடு. இரண்டும் கலந்தால் பழுப்புச் சேறாகிவிடும்.

சாட்ஸ்வர்த்_சிட்டி எழுதியது:

நீலத் திரவம் நீலமாகவே இருந்தது. அண்ணாவின் பட்டறையிலேயே சனிக்கிழமை பிரித்தோம்.

பம்ப் வெளியே வந்ததும் பார்த்தால் பார்வைக்குப் புதிது மாதிரி இருந்தது. இறக்கை ஒன்றுகூட உடையவில்லை. கையால் பிடித்துத் திருப்பினேன், இறுக்கமாகத்தான் இருந்தது. அண்ணா ஒன்றும் சொல்லாமல் ஒரு வாளியில் கொதிநீர் ஊற்றி அதற்குள் போட்டார். சற்று நேரம் கழித்துத் துணியால் பிடித்துத் திருப்பினால், பல்சக்கரம் ஒரு பக்கம் நிற்க இம்பெல்லர் மட்டும் அச்சில் வழுக்கிச் சுழல்கிறது. பிளாஸ்டிக் நடுவில் மயிரிழை விரிசல். சூடாகும்போதுதான் அது வாயைத் திறக்கிறது. அடியில் கசிவுத் துளையின் ஓரத்தில் இளஞ்சிவப்புப் பொருக்கும் படிந்திருந்தது, சீலும் போகத் தொடங்கிவிட்டது.

வளைந்த இறக்கையுள்ள இரும்பு இம்பெல்லரே வாங்கினேன். அக்கா சொன்னபடி அளந்தோம், பழையதன் உயரமே. கீழ் ஹோஸ் மூன்று துண்டாக இருந்ததை ஒரே வார்ப்பு ஹோஸாக மாற்றிவிட்டோம். இன்று எம்13 ஏறினேன். குளூஃப் வரை 96-க்கு மேல் போகவில்லை, ஹீட்டர் முகத்தைப் பொசுக்கியது. இன்னும் ஒரே சந்தேகம்: எக்ஸ்பான்ஷன் பாட்டிலுக்குள் மெல்லிய குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறது. முன்பு அப்படி இல்லை. அது சரிதானா?

மெரிபாங்க்_பட்டறை எழுதியது:

முன்பு வராததுதான் கோளாறு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அது பலமாக வந்தால் பம்ப் தள்ளுகிறது என்று பொருள். இனிமேல் சந்தேகம் வந்தால் முதலில் மூடியைத் திறக்காமல் பாட்டில் வழியாக அதைப் பார்.

டோங்காட்_அக்கா எழுதியது:

காற்று முழுதும் வெளியேறிவிட்டதா என்றும் பாருங்கள். ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, வண்டியின் மூக்கை மேட்டுப் பக்கம் நிறுத்தி ஒருமுறை ஓடவிடுங்கள். மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் அளவு இறங்கியிருந்தால் நிரப்புங்கள்.

ஃபீனிக்ஸ்_டாஸ் எழுதியது:

என் மைத்துனர் சிட்டியில் 2.0 எட்டு வால்வு போட்டிருக்கிறார். அவருக்கும் இதே பம்ப்தானா?

மெரிபாங்க்_பட்டறை எழுதியது:

கோல்ஃப் 4-இன் 2.0 என்றால் அதுவும் 06ஏ பிளாக், இதே பம்ப். கோல்ஃப் 3-இன் 2.0 என்றால் வெளிப் பம்ப், இது ஏறாது. பெல்ட் மூடிக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பம்பின் பல்சக்கரம் அங்கே தெரிந்தால் கடைக்குப் போகலாம்.