லினக்ஸுக்கு எடை குறைந்த லேப்டாப்: எதைப் பார்த்து வாங்குவது?

பைதூக்கி:
வணக்கம். தினமும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போக ஒரு லேப்டாப் தேடுகிறேன். இப்போது இருப்பது 15.6 அங்குலம், இரண்டு கிலோவுக்கு மேல், சார்ஜரைப் பையில் போட்டால் செங்கல் வைத்தது போல இருக்கிறது. 13 அல்லது 14 அங்குலத்தில், 1.3 கிலோவைத் தாண்டாமல் வேண்டும். விண்டோஸ் தேவையே இல்லை, வந்த அன்றே அழித்துவிட்டு டெபியன் (லினக்ஸின் ஒரு வகை) போடுவதாகத் திட்டம். வேலை என்றால் பைத்தான், கொஞ்சம் வெப், உலாவியில் கணக்கில்லாமல் டேப்கள், அடிக்கடி வீடியோ கால். கேம் கிடையாது.

திங்க்பேட் எக்ஸ்1 கார்பன், டெல் எக்ஸ்பிஎஸ் 13, எல்ஜி கிராம், ஃபிரேம்வொர்க் 13 எல்லாம் பார்த்துவிட்டேன், நடுவில் மேக்புக் ஏரில் லினக்ஸ் போடலாமா என்றுகூட ஒரு யோசனை. "இப்போ எந்த லேப்டாப்பிலும் லினக்ஸ் ஓடும், கவலைப்படாதே" என்கிறார்கள் சிலர். வேறு சிலர், மூடி வைத்தால் பைக்குள்ளேயே சூடாகி பேட்டரி காலியாகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். எதை நம்புவது?

முனையம்:
இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஓடும். ஆனால் ஓடுவது வேறு, எரிச்சல் இல்லாமல் ஓடுவது வேறு. நீங்கள் சொன்ன வேலைக்கு இன்று விற்கிற எந்த பிராசஸரும் போதும், அதில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். பார்க்க வேண்டியது ஸ்லீப், கேமரா, வைஃபை. இந்த வரிசையில்.

முதலில் ஸ்லீப். பழைய லேப்டாப்களில் எஸ்3 என்று ஒரு முறை உண்டு, மூடியதும் ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் கிட்டத்தட்ட அணைந்துவிடும். அதற்கு அப்புறம் செல்போன் மாதிரி அரைத்தூக்கத்தில் இருக்கிற முறைக்கு எல்லோரும் மாறிவிட்டார்கள், லினக்ஸில் அதற்குப் பெயர் எஸ்2ஐடில். இதில் பிராசஸர் தன் மிக ஆழ்ந்த ஓய்வுநிலைக்குப் போனால்தான் பேட்டரி மிஞ்சும், ஒரே ஒரு எஸ்எஸ்டியோ கார்டு ரீடரோ அதைத் தூங்க விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், நீங்கள் கேள்விப்பட்ட அந்தப் பைக்குள் சூடு வந்துவிடும். 2018இல் வந்த எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறையில் எஸ்3 இல்லாமல் போய், லினக்ஸ்காரர்கள் சத்தம் போட்ட பிறகு, பயாஸ் (கணினியைத் திறந்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பில் "லினக்ஸ்" என்றே ஒரு ஸ்லீப் தேர்வை லெனோவோ சேர்த்தது. இன்டெல் 11ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த பெரும்பாலான மெல்லிய லேப்டாப்களில் எஸ்3ஐ எதிர்பார்க்க முடியாது. எனவே வாங்க நினைக்கிற மாடலின் பெயரோடு எஸ்2ஐடில் என்று சேர்த்துத் தேடுங்கள், அதை வைத்திருப்பவர்களின் புலம்பல் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ராத்திரி மூடி வைத்து காலையில் திறந்தால் ஐந்தாறு சதவீதம் குறைந்திருந்தால் பரவாயில்லை, பாதி போயிருந்தால் அந்த மாடலே வேண்டாம்.

ஹைபர்னேட் (ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைப்பது) போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். செக்யூர் பூட் (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் திறக்க விடும் பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்தால் டெபியன், ஃபெடோரா போன்றவற்றில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே அதைத் தடுத்துவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து கேமரா. உள்ளே யூஎஸ்பி வழியாக இணைத்த சாதாரண கேமரா என்றால் பிரச்சினையே இல்லை. இன்டெல் 12ஆம் தலைமுறை வாக்கில் சில மெல்லிய மாடல்களில் ஐபியூ6 என்ற படச் செயலாக்க அமைப்போடு வேறு வகைக் கேமரா வந்தது. அதற்கான டிரைவரின் அடிப்படைப் பகுதி கர்னலில் சேர்ந்ததே 6.10இல், அதாவது 2024இல்தான். அதிலும் டிரைவர் மட்டும் போதாது, சென்சார் தருகிற பதப்படுத்தாத மூலத் தகவலைப் படமாக மாற்ற லிப்கேமரா என்ற மென்பொருளும் வேண்டும். வீடியோ கால் முக்கியம் என்கிறீர்கள், அதனால் இதை விடாதீர்கள்.

பழைய_இரும்பு:
புதுசு வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயம் உண்டா? கை மாறிய திங்க்பேட் டி480எஸ் பாருங்கள். சுமார் 1.3 கிலோ, இன்டெல் 8ஆம் தலைமுறை, நான்கு கோர், எஸ்3 உண்டு, ஒரு ரேம் ஸ்லாட் உண்டு. இன்னும் லேசாக வேண்டுமென்றால் எக்ஸ்280, ஆனால் அதில் ரேம் முழுக்க போர்டோடு ஒட்டியது, 8 ஜிபி மாடல் என்றால் கடைசி வரைக்கும் 8தான்.

வாங்கும்போது பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதை எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நிறுவாமலே யூஎஸ்பியிலிருந்து ஓடும் லினக்ஸ் லைவ் போட்டு யூபவர் கட்டளையில் பேட்டரியின் இப்போதைய முழுக் கொள்ளளவையும், தயாரித்தபோது இருந்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள், 57 வாட் ஹவராக இருந்தது 30க்கு வந்திருந்தால் புது பேட்டரிச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அந்தத் தலைமுறை திங்க்பேட்களில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் ஒரு கோளாறு உண்டு, காலப்போக்கில் யூஎஸ்பி-சி போர்ட்டே படுத்துவிடும். லெனோவோ அதற்குப் புதுப்பிப்பு விட்டிருக்கிறது. விற்பவர் அதைப் போட்டாரா என்று கேட்டால் முழிப்பார், நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கர்னல்_வாசகி:
பழைய_இரும்பு சொன்னது நல்ல யோசனைதான், ஆனால் கேட்டவர் டேப்களைக் கணக்கில்லாமல் திறப்பவர், வீடியோ காலும் உண்டு. அந்தக் கால 720பி கேமராவில் முகம் தெரியும், அவ்வளவுதான்.

என் கருத்து வேறு. கடைசியாக வந்த மாடலும் வேண்டாம், ரொம்பப் பழையதும் வேண்டாம், ஒரு தலைமுறை முந்தியதை எடுங்கள். டெபியன் 12இல் இருப்பது 6.1 கர்னல், 13இல் 6.12. போன மாதம் வெளிவந்த சிப்பை வாங்கி அதில் டெபியன் ஸ்டேபிளைப் போட்டுவிட்டு "வைஃபை தெரியவில்லை" என்று அழுவதில் அர்த்தம் இல்லை, அந்தச் சிப்பைப் பற்றி அந்தக் கர்னல் கேள்விப்பட்டதே இல்லை. ஸ்டேபிளிலேயே புதிய பதிப்பைப் போட்டுக்கொள்ள பேக்போர்ட்ஸ் கர்னல் இருக்கிறது, சரி, ஆனால் முதல் நாளே அதில் இறங்க வேண்டுமா?

வைஃபையில் இன்டெல் ஏஎக்ஸ்210, 211 எல்லாம் நிம்மதி. மீடியாடெக் 7921க்கு 5.12இலிருந்தே டிரைவர் உண்டு. ரியல்டெக் என்றால் மாடல் எண்ணைத் தேடிவிட்டு முடிவு செய்யுங்கள். பிராட்காம் என்றால் நான் தாண்டிப் போய்விடுவேன். பிடிக்கவில்லை என்றால் கார்டை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் இரண்டு விஷயம்: மெல்லிய லேப்டாப் பலவற்றில் அது போர்டோடு ஒட்டியிருக்கும், அப்புறம் 211 இன்டெல் பிராசஸரோடு மட்டும்தான் வேலை செய்யும், ஏஎம்டி லேப்டாப்பில் போடுவதாக இருந்தால் 210தான்.

"உபுண்டு சான்றிதழ் பெற்றது" என்று போட்டிருந்தால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டெல் 2012இலிருந்து எக்ஸ்பிஎஸ் 13ஐ உபுண்டுவோடு விற்றிருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் எக்ஸ்பிஎஸ் 13 பிளஸ் வந்தபோது அதன் கேமரா, தயாரிப்பாளருக்கென்று உபுண்டு தனியாகத் தந்த கர்னலில்தான் வேலை செய்தது. அந்தச் சான்றிதழை நம்பி டெபியன் போட்டவருக்கு அப்போது கேமரா இல்லை. எந்தக் கர்னலில் சோதித்தார்கள் என்பதுதான் கேள்வி.

மேக்புக் ஏர் வேண்டாம். ஆப்பிள் சிப்பில் லினக்ஸை ஓட வைக்கும் அசாஹி ஆட்கள் செய்திருப்பது அசாத்தியமான வேலை, 2023 டிசம்பரில் ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸ் வந்தது, எம்1, எம்2வில் ஸ்பீக்கர் வரைக்கும் நன்றாக வருகிறது. கையில் ஏற்கெனவே இருந்தால் போட்டுப் பாருங்கள். லினக்ஸுக்காகவே வாங்க அது சரியான பொருள் இல்லை, டச் ஐடி கிடையாது, ஸ்லீப்பில் பேட்டரி செலவும் மேக்ஓஎஸ் அளவுக்குக் குறைவாக இருக்காது.

பைதூக்கி:
ரொம்ப நன்றி எல்லோருக்கும். கேமரா விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. அப்படியென்றால் இப்போதைக்கு ஃபிரேம்வொர்க் 13, அல்லது ஒரு தலைமுறை முந்திய எக்ஸ்1 கார்பன். எக்ஸ்1 கார்பன் 1.1 கிலோ சுற்றி வருகிறது, அதுதான் இழுக்கிறது. நண்பர் ஒருவரிடம் ஒன்று இருக்கிறது, ஒரு ராத்திரி தருவதாகச் சொல்லியிருக்கிறார். லைவ் யூஎஸ்பியில் எதையெல்லாம் பார்க்கணும்?

முனையம்:
ஒரு ராத்திரி முழுக்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம். முதலில் டெபியன் 13 லைவைப் போட்டு, எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் கேமரா தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் பெரும்பாலும் சாதாரண யூஎஸ்பி கேமராதான். சிஸ் கோப்பகத்துக்குள் பவர், அதற்குள் மெம்_ஸ்லீப் என்று ஒரு கோப்பு இருக்கும், அதைத் திறந்தால் "டீப்" என்று இருந்தால் எஸ்3 உண்டு. மூடியை மூடுங்கள், பத்து நிமிடம் விட்டுத் திறங்கள், வைஃபை தானாகத் திரும்ப வருகிறதா, டச்பேட் உயிரோடு இருக்கிறதா, ஒலி வருகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கரில் பாட்டு வந்துவிட்டது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள், மைக்கில் பேசி ஒலிப்பதிவு செய்தும் கேளுங்கள், புதிய இன்டெல் மாடல்களில் சவுண்ட் ஃபர்ம்வேர் சரியாக ஏறவில்லை என்றால் மைக் சத்தமில்லாமல் போய்விடும். கடைசியில் பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொண்டு மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பதறாதீர்கள், பயாஸில் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்று இன்டெலின் டிஸ்க் நிர்வாக முறை ஒன்று இருக்கும், அதை அணைத்தால் தெரியும். ஆனால் நண்பரின் கணினியில் அதைத் தொடவே தொடாதீர்கள், அவருடைய விண்டோஸ் திறக்காமல் போய்விடும்.

எக்ஸ்1 கார்பனில் ரேம் ஒட்டியது, 16க்குக் கீழே வாங்காதீர்கள், முடிந்தால் 32.

கர்னல்_வாசகி:
ஃபிரேம்வொர்க் 13இல் ரேம், எஸ்எஸ்டி, வைஃபை கார்டு எல்லாமே திருகாணியைக் கழற்றி நீங்களே மாற்றலாம், எடை 1.3 பக்கம். அதன் 2256க்கு 1504 திரையில் 100 சதவீதத்தில் எழுத்து பொடியாகவும், 200இல் பூதாகரமாகவும் இருக்கும், 150 வைத்தால்தான் கண்ணுக்கு இதம். திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறையான வேலண்டில் அது பரவாயில்லை, அதற்கு முந்தைய எக்ஸ்11 முறைக்கு எழுதிய பழைய செயலிகள் சில மங்கலாகத் தெரியும். 2880க்கு 1920 வகை திரை கிடைத்தால் 200 வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

பழைய_இரும்பு:
எதை எடுத்தாலும் 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் சின்னதாக ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், செங்கல் பிரச்சினை அதோடு தீரும். லினக்ஸிலிருந்தே ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் எஃப்டபிள்யூயூப்ட் கருவி அந்த மாடலுக்கு பயாஸ் புதுப்பிப்பு தருகிறதா என்று, அது எடுத்துக்கொள்ளும் எல்விஎஃப்எஸ் தளத்தின் பட்டியலில் பாருங்கள். இல்லாவிட்டால் விண்டோஸை அழிப்பதற்கு முன்னாலேயே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

பைதூக்கி:
இரண்டு மாடலும் பட்டியலில் இருக்கின்றன, இப்போதுதான் பார்த்தேன். சனிக்கிழமை எக்ஸ்1 கார்பன் கைக்கு வருகிறது. காலையில் பேட்டரி எத்தனை சதவீதம் என்று இங்கேயே போடுகிறேன்.