அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வெள்ளிக்கிழமை வர்றாங்க

குழு: கோபி வீட்டுச் சொந்தங்கள்
செவ்வாய்க்கிழமை

கோவை பெரியம்மா (காலை 6:52): டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டார். இடுப்பு எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாம். வாக்கர் பிடித்து நடக்கலாம் என்கிறார். வெள்ளிக்கிழமை அம்மாவைக் கோபிக்குக் கூட்டி வருகிறோம். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் கிளம்பிவிடுவோம்.

அம்மா: முருகா 🙏

காங்கயம் சித்தி: 🙏🙏 சந்தகை நான் செய்து எடுத்து வருகிறேன்

பெங்களூர் அண்ணன்: சூப்பர் ம்மா

கோபி சின்ன மாமா (7:40): எல்லாரும் இருக்கும்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். திண்ணைச் செடிகள் கொஞ்சம் டல்லாக இருக்கின்றன.
[படம்]
[படம்]
[படம்]

நான்: மாமா, இது கொஞ்சமா?

பெங்களூர் அண்ணன்: இது ஐசியூ

அம்மா: ஐயோ அந்த மருளு! அப்பா மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்தது

கோபி சின்ன மாமா: ஒரு நாள் விடாமல் தண்ணீர் ஊற்றினேன் அக்கா. சாமி சத்தியமாக.

கோபி சின்ன அத்தை: அதுதான் விஷயமே, நங்கை. தினமும் வேண்டாம் என்று நான் அன்றைக்கே சொன்னேன். என் பேச்சை அந்த வீட்டில் யார் கேட்டார்கள்?

கோபி சின்ன மாமா: போகும்போது அம்மா "செடியைப் பார்த்துக்க சாமி" என்றார்கள். தண்ணீர் ஊற்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? உற்றுப் பார்க்கவா?

நான்: 😂

பொள்ளாச்சி பெரிய மாமா (8:05): தம்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மண்ணின்மேல் பச்சைப் பாசி படிந்திருக்கிறது, அதுவே சாட்சி. வேருக்குத் தண்ணீர் மாதிரியே காற்றும் வேண்டும். மண்ணின் பொடிச் சந்துகளில்தான் அந்தக் காற்று இருக்கிறது. தினமும் ஊற்றினால் சந்தெல்லாம் தண்ணீர் நிறைந்து வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். அழுகின வேர் தண்ணீரை இழுக்காது. அதனால் தாகத்தில் வாடுகிற மாதிரியே செடி தொங்கும். அதைப் பார்த்துவிட்டு நாம் இன்னொரு சொம்பு ஊற்றுவோம்.

கோபி சின்ன மாமா: ரெண்டு சொம்பு ஊற்றினேன்

பொள்ளாச்சி பெரிய மாமா: அம்மா ஆள்காட்டி விரலை ரெண்டு கணு வரைக்கும் மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார்கள், கவனித்ததில்லையா? விரலில் மண் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. உதிர்ந்தால்தான் ஊற்றுவார்கள், அதுவும் அடி ஓட்டையில் ஒழுகும் வரை. அப்புறம் தட்டில் தேங்கினதைக் கொட்டிவிடுவார்கள். தொட்டியைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும், காய்ந்தது லேசாக இருக்கும். மருளுக்கு ரெண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும். மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். அது தண்ணீரை இலையில் சேர்த்து வைத்துக்கொள்கிற ஜாதி.

பெங்களூர் அண்ணன்: மருளு என்றால் ஸ்னேக் பிளான்ட்தானே? அது ராத்திரியில் ஆக்சிஜன் விடும் என்று ஒரு ஃபார்வேர்டு வந்தது. அம்மிச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாமா?

பொள்ளாச்சி பெரிய மாமா: மாப்பிள்ளை, பாதிதான் நிஜம். வறட்சி ஊர்ச் செடி என்பதால் பகலில் இலைத்துளையை மூடிக்கொள்ளும், ராத்திரியில் திறந்து கரியமில வாயுவை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆனால் ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும், அது பகல் வேலை. காற்றைச் சுத்தம் பண்ணும் என்பதும் 1989-ல் நாசாவில் மூடின பெட்டிக்குள் வைத்துச் செய்த சோதனையில் வந்த பேச்சு. கதவு ஜன்னல் திறந்த வீட்டில் நாலு தொட்டி ஒன்றும் செய்யாது. 2019-ல் வந்த ஒரு ஆய்வில் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்கள்.

காங்கயம் சித்தி: அண்ணா ரிட்டையர் ஆனாலும் ஆபீஸ் அவரை விட்டுப் போகவில்லை 😄

கோவை பெரியம்மா (8:31): அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் குரல் செய்தி அனுப்ப வேண்டாம். செடி விஷயம் இன்னும் தெரியாது.

பொள்ளாச்சி பெரிய மாமா: 🎤 குரல் செய்தி 4:12

அம்மா: அண்ணா!!

பெங்களூர் அண்ணன்: நர்சரியில் புதுசு வாங்கி அதே தொட்டியில் வைத்துவிடுங்கள். முடிந்தது வேலை.

அம்மா: எந்த இலையில் எந்தக் கீறல் என்று அவர்களுக்குத் தெரியும். உன் கல்யாணத்தில் ஒரு டம்ளர் குறைந்ததைக் கண்டுபிடித்தவர்கள்.

காங்கயம் சித்தி: அந்த டம்ளர் கடைசியில் யார் வீட்டில் இருந்தது என்று சொல்லட்டுமா?

கோபி சின்ன அத்தை: இதில் எதற்கு டம்ளர்

நான்: மாமா, மருளில் நன்றாக இருக்கும் இலையை வெட்டி நட்டால் வருமா?

பொள்ளாச்சி பெரிய மாமா: வரும் கண்ணு. நாலு விரல் நீளத்துக்கு வெட்டி, வெட்டுவாய் காய ரெண்டு மூன்று நாள் நிழலில் போட்டு, அப்புறம் நட வேண்டும். கீழ்ப்பக்கம் கீழேதான் இருக்க வேண்டும், தலைகீழாக நட்டால் வேர் விடாது. வெட்டும்போதே ஒரு முனையில் கோடு போட்டுக்கொள். ஆனால் வேர் விட ஒரு மாதம், ரெண்டு மாதம் ஆகும். இன்னொன்று, அம்மாவுடையது மஞ்சள் ஓரம் போட்டது. இலைத் துண்டிலிருந்து வருகிற குட்டியில் அந்த ஓரம் வராது, வெறும் பச்சையாகத்தான் முளைக்கும். மஞ்சள் வேண்டுமென்றால் மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கைக் குருத்தோடு பிரித்து வைக்க வேண்டும்.

பெங்களூர் அண்ணன்: டிஎன்ஏ டெஸ்ட்டில் மாட்டுவோம்

பொள்ளாச்சி பெரிய மாமா: தம்பி, தொட்டியைக் கவிழ்த்துக் கிழங்கை அமுக்கிப் பார். கல் மாதிரி இருந்தால் பிழைக்கும். கொழகொழவென்று நாற்றம் வந்தால் அந்தப் பாகத்தை வெட்டி எறி.

கோபி சின்ன மாமா (9:20): கவிழ்த்தேன். பாதி போய்விட்டது. நாற்றம் தாங்கவில்லை. ஆனால் ஓரத்தில் எலுமிச்சங்காய் அளவு ஒரு கிழங்கு கெட்டியாக இருக்கிறது, வெள்ளைக் குருத்து ஒன்று எட்டிப் பார்க்கிறது.
[படம்]

அம்மா: அப்பா 🥺

கோபி சின்ன மாமா: அடியில் ஜல்லி போட்டும் ஏன் இப்படி ஆனது?

பொள்ளாச்சி பெரிய மாமா: ஜல்லி போட்டதும் தப்பு. மண்ணிலிருந்து ஜல்லிக்குத் தண்ணீர் சட்டென்று இறங்காது, மேலேயே நிற்கும். ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். ஓட்டையை மண் அடைக்காமல் ஒரு ஓட்டுச்சில் போதும். இங்கே கம்பெனியிலிருந்து தேங்காய் நார்க்கழிவு ஒரு மூட்டை எடுத்து வருகிறேன். தண்ணீரில் ரெண்டு மூன்று தடவை அலசிவிட்டுத்தான் கலக்க வேண்டும், அதில் உப்பு இருக்கும்.

கோபி சின்ன அத்தை: தொட்டி வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அது பூஞ்சைதானே மாமா?

பொள்ளாச்சி பெரிய மாமா: இல்லை அம்மிணி. போர் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும். இலை நுனி கருகுவதற்கும் அது ஒரு காரணம். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது. சிறுவாணி குடித்து வளர்ந்த செடி பார், தனிப் பளபளப்பு.

கோவை பெரியம்மா: சிறுவாணி குடிக்கிற நான் பளபளப்பாகவா இருக்கிறேன்?

அம்மா: அக்கா 😅

கோவை பெரியம்மா (9:48): சிரிப்புக்குச் சொல்லவில்லை. ரெண்டு மாதமாக ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறேன். ஒரு தொட்டி வாடினதற்கு இத்தனை பேர், இத்தனை பதில். நல்லது.

(9:48-க்குப் பிறகு அரை மணி நேரம் ஒருவரும் எழுதவில்லை.)

காங்கயம் சித்தி (10:20): நான் ரெண்டு ஞாயிறு வந்தேன் அக்கா

கோவை பெரியம்மா: ஒரு ஞாயிறு. இன்னொன்று பக்கத்து மண்டபத்தில் கல்யாணம்.

பெங்களூர் அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பொள்ளாச்சி பெரிய மாமா: அந்தப் பேச்சை வெள்ளிக்கிழமை நேரில் பேசிக்கொள்ளலாம் அம்மிணி. தம்பி, மூன்றாவது படத்தில் செம்பருத்திக் கொழுந்தில் பஞ்சு மாதிரி இருப்பது மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர். பொழுது சாய அடி, வெய்யிலில் அடித்தால் இலை வெந்துவிடும். 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி நம் பக்கம் வந்தபோது மருந்துக்கே மசியவில்லை. மரவள்ளி, மல்பெரி எல்லாம் போனது. 2010-ல் கண்ணுக்கே தெரியாத ஒரு குளவியை போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டு வந்து விட்ட பிறகுதான் அடங்கியது. நான் அப்போது சர்வீஸில்

நான்: மாமா, மணி பிளான்ட் 🙏

பொள்ளாச்சி பெரிய மாமா: சரி சரி. அதற்குப் பயமில்லை. கெட்டியான கொடியில் கணுவுக்குக் கீழே ஒரு விரல் விட்டு வெட்டி, கணு மூழ்கும்படி பாட்டிலில் போடுங்கள். கணுவிலிருந்துதான் வேர் வரும், வெறும் இலைக்காம்பைப் போட்டால் புதுக் கொடி வளராது. தண்ணீரை வாரம் ஒரு முறை மாற்றுங்கள், கொசுப்புழுவும் வராது. குட்டிப் பாப்பா கைக்கு எட்டாமல் வையுங்கள். இலையைக் கடித்தால் நாக்கும் வாயும் எரியும்.

பெங்களூர் அண்ணன்: பாப்பா போன மாசமே டேஸ்ட் பண்ணியாச்சு. அழுதாள், துப்பினாள். என் வீட்டில் எனக்குத்தான் திட்டு.

நான்: வெள்ளிக்கிழமை அம்மிச்சிகிட்ட யார் சொல்வது?

அம்மா: அண்ணன்தான் மூத்தவர்

பொள்ளாச்சி பெரிய மாமா: வளர்த்தது தம்பி

கோபி சின்ன மாமா: வளர்த்தது அம்மா. நான் ஊற்றினவன் மட்டும்.

காங்கயம் சித்தி (பகல் 12:15): எல்லாரும் கவலைப்பட வேண்டாம். எதிர் வீட்டு அக்காவுக்குப் போன் பண்ணிவிட்டேன். செடியெல்லாம் வாடியிருக்கிறது, ரெண்டு குடம் ஊற்றுங்கள் என்று. இப்போதே ஊற்றுகிறேன் என்றார்கள்.

நான்: சித்தி!!!

அம்மா: மேலே படிக்கவே இல்லையா நீ

காங்கயம் சித்தி: முதல் மூன்று படம் பார்த்தேன். அப்புறம் அண்ணன் எழுதினது நீளமாக இருந்தது.

கோபி சின்ன அத்தை: நான் ஓடுகிறேன். தொட்டியை உள்ளே எடுத்து வைக்க வேண்டும், வீட்டுச் சாவி யாரிடம்?

கோபி சின்ன மாமா: உன்னிடம்தானே கொடுத்தேன்

கோபி சின்ன அத்தை: எப்போது?

கோவை பெரியம்மா (12:31): அண்ணா, உங்கள் குரல் செய்தியைப் பாப்பா அழுத்திவிட்டாள். அம்மா கேட்கிறார்கள், வேர் அழுகிப்போச்சு என்கிறானே பெரியவன், எது என்று.

பொள்ளாச்சி பெரிய மாமா: தக்காளி என்று சொல்

கோவை பெரியம்மா: தோட்டத்தில் தக்காளியே போடவில்லையே என்கிறார்கள்

காங்கயம் சித்தி (12:40): சந்தகைக்குத் தேங்காய்ப்பால் மட்டும் போதுமா, எள்ளுப்பொடியும் வேண்டுமா?