குருதிவழி மரபணு சேர்க்கும் லிப்பிட் துகள்: தமிழ்ப்பெயர் தேவை

அன்புடையீர்,
உயிரித்தொழில்நுட்பப் பாடநூலின் ஓர் இயலை இவ்வெள்ளிக்குள் ஒப்படைக்க வேண்டும். குருதியில் செலுத்தப்பட்டு, மரபணுச் சரக்கை உயிரணுவுக்குள் சேர்க்கும் லிப்பிட் நானோதுகளை ‘மரபணுக் கடத்தி’ என்று எழுதியிருந்தேன். மின்கடத்தியும் ஆட்கடத்தலும் ஒருங்கே நினைவுக்கு வருவதாகக் கூறி மேலாய்வாளர் திருப்பி அனுப்பிவிட்டார். ‘கொழுப்பூர்தி’ பொருந்துமா?

ஐயா,
பொருந்தாது. கொழுப்பாலான ஊர்தி, கொழுப்பை ஏற்றிச் செல்லும் ஊர்தி என இருவகையாகவும் அத்தொகை விரியும். மேலும், கொழுப்பு என்பது, நீரில் எளிதில் கரையாப் பொருள்களான லிப்பிடுகளுள் ஒரு வகை மட்டுமே. முழு வகுப்புக்குக் ‘கொழுமியம்’ என்ற சொல் ஏற்கெனவே வழங்குகிறது. சுமத்தலைக் குறிக்கும் ‘காவுதல்’ ஈழத்தில் இன்றும் அன்றாடப் பேச்சில் உள்ளது. காவடியிலும் அவ்வேரே இருப்பதாகக் கொள்வர். இகர விகுதி வினைமுதற்பொருளில் வந்து ‘காவி’ ஆகும். ‘நோய்க்காவி’ பாடநூல்களில் பழகிய சொல்லே. ஆகவே ‘கொழுமிய நுண்காவி’ என்பது என் பரிந்துரை.

நண்பர்களுக்கு,
காவடி வரை சென்ற வேராய்ச்சி சுவையானது. ஆனால் ‘காவி’ என்றதும் மாணவர் நிறத்தை நினைப்பர், ‘காவு’ என்றதும் உயிரைக் காவு வாங்குவதை நினைப்பர். மருந்துக்கு அது நற்பெயர் அன்று. அதைவிட முதன்மையான தடை ஒன்று உண்டு. இத்துகளின் திறம் சுமப்பதில் பாதி, இறக்குவதில் பாதி. அதில் நான்கு கூறுகள் உள்ளன: அயனியாகும் லிப்பிட், பாஸ்போலிப்பிட், கொலஸ்டிரால், பாலியெத்திலீன் கிளைக்கால் இணைந்த லிப்பிட். அயனியாகும் லிப்பிட், அமிலக்காரச் சுட்டெண் 7.4 ஆக இருக்கும் குருதியில் ஏறத்தாழ மின்னேற்றமின்றி இருந்து, உயிரணு துகளை விழுங்கிய பின் அதை அடைத்துவைக்கும் உட்பையின் அமிலச் சூழலில் நேர்மின்னேற்றம் பெற்று, அப்பையின் சவ்வைக் குலைத்துச் சரக்கை வெளியே விடுகிறது. குருதியில் இத்துகள் தானாக வழி தேர்வதும் இல்லை. குருதியில் கொழுப்பைச் சுமக்கும் புரதமான அப்போலிப்போபுரதம் ஈ அதன்மேல் படிந்து கல்லீரல் உயிரணுக்களிடம் சேர்ப்பிக்கிறது. இத்தகைய துகளில் செலுத்தப்படும், 2018இல் ஒப்புதல் பெற்ற பாட்டிசிரான் என்ற மருந்து கல்லீரலில் வேலை செய்வதற்கு இதுவே காரணம். அம்மருந்தின் சரக்கு மரபணுவே அன்று, ஒரு மரபணுவின் செய்தியை ஒடுக்கும் சிறு ஆர்.என்.ஏ. எனவே பெயரில் ‘மரபணு’ வேண்டியதில்லை. ‘லிப்பிட் நானோதுகள்’ என்றே விடுவோம். உயர்கல்வியில் மாணவர் எப்படியும் அச்சொல்லைத்தான் எதிர்கொள்வர்.

அம்மா,
எதிர்கொள்வர் என்பதற்காகவே எல்லாவற்றையும் ஒலிபெயர்த்தால் நமக்கு இங்கே என்ன வேலை? இறக்குவதும் பெயரில் தெரிய வேண்டுமானால் பெயர் ஒரு பத்தியாகிவிடும். ‘பேருந்து’ பயணிகளை இறக்கிவிடுவதைச் சொல்கிறதா? தனித்த ‘காவி’தான் நிறத்தைக் குறிக்கும், தொகையில் அம்மயக்கம் எழாது. ‘கொழுமியப் பை’ என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். ஈரடுக்குச் சவ்வுக்குள் நீரை அடைத்திருக்கும் லிப்போசோமுக்கே அது பொருந்தும், இங்கே பேசப்படும் துகளின் உள்ளமைப்பு வேறு.

அன்புடையீர்,
வெள்ளி நெருங்கிவிட்டது. பெரும்பான்மையோர் சாய்ந்தபடி ‘கொழுமிய நுண்காவி’ என எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘லிப்பிட் நானோதுகள்’ என்பதை அடைப்புக்குறிக்குள் தருகிறேன். ‘மரபணு’வை நீக்கிவிட்டேன்.

ஐயா,
காவியை ஏற்கிறேன், ‘நுண்’ணை ஏற்க இயலாது. நுண்ணுயிர், நுண்ணோக்கி என அது மைக்ரோ அளவுக்குப் பழகிவிட்டது; இத்துகளோ பெரும்பாலும் 100 நானோமீட்டர் அளவில் உள்ளது, பாக்டீரியாவை விடப் பன்மடங்கு சிறியது. ‘மீநுண்காவி’ என்று திருத்தும்வரை என் எதிர்ப்பு நிற்கட்டும்.