விளம்பரக் கிரெடிட் வாங்கினோம், சேர்ந்தவர்களை எண்ணினோம்: எங்கள் அனுபவங்கள்

மதுரை, ஆரி வகுப்பு நடத்துபவர்:

ஆன்லைனில் ஆரி வேலை சொல்லிக் கொடுக்கிறேன். 45 நாள் வகுப்பு, கட்டணம் 2,500 ரூபாய். போன வருடம் ஆடி மாதம், கூகுள் தேடலில் விளம்பரம் போட உதவும் கூகுள் ஆட்ஸில் புதுக் கணக்கு தொடங்கினேன். 20,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்தால் இன்னொரு 20,000 ரூபாய்க்கு இலவசமாக விளம்பரம் செய்யக் கிரெடிட் கிடைக்கும் என்று ஒரு கூப்பன் வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கே கூப்பன் எண்ணைப் போட்டு விளம்பரத்தை ஓட விட்டுவிட்டேன். அது தப்பு என்று புரிவதற்குள் மூன்று வாரமும் 9,000 ரூபாயும் போய்விட்டன.

கூப்பன் எண்ணைப் போட்ட நாளிலிருந்து 60 நாள்தான் கெடு. அதற்குள் சொன்ன தொகைக்கு விளம்பரம் ஓடினால்தான் கிரெடிட் வரும். விளம்பரம் முதன்முதலில் யார் கண்ணிலாவது பட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் எண்ணைப் போட்டுவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆகவே விளம்பரத்தைத் தொட்டால் திறக்கும் இணையப் பக்கம், படிவம், சேர்ந்தவர்களை எண்ணும் ஏற்பாடு எல்லாவற்றையும் முடித்து வைத்துவிட்டு, கடைசியாகத்தான் விளம்பரத்தைத் தொட வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன். அந்த 9,000 ரூபாயில் யார் வந்தார்கள், யார் சேர்ந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான்காவது வாரம்தான், மக்கள் என்ன தேடி என் விளம்பரத்தைப் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். மனசு விட்டுப்போனது. பாதிக்கு மேல் பிளவுஸ் டிசைன் படம் தேடியவர்கள். மீதியில் ஆரி ஊசி விலை, ஸ்டாண்டு விலை கேட்டவர்கள், தங்கள் பிளவுஸுக்கு வேலை செய்து தர ஆள் தேடியவர்கள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எந்தச் சொல்லைத் தேடினால் விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கொடுப்பதுதான் கீவேர்டு. அதை நான் தளர்வான பொருத்தத்தில், அதாவது ஓரளவு தொடர்புள்ள தேடலுக்கும் விளம்பரம் வரும்படி விட்டிருந்தேன், அதுதான் காரணம். டிசைன், படம், விலை, ஊசி, ஸ்டாண்டு, இலவசம் என்று ஒவ்வொன்றாக நெகட்டிவ் கீவேர்டில், அதாவது தேடினால் விளம்பரம் வரக் கூடாத சொற்களில் சேர்த்தேன். தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் ஒரு தடவை என்று இரண்டையும் போட வேண்டும். நம் பெண்கள் பெரும்பாலும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். எண்பது சொல் சேர்த்த பிறகு வீண் கிளிக் கண்ணெதிரே குறைந்தது.

அப்புறம் சேர்க்கையை எண்ணத் தொடங்கினேன். பணம் கட்டிய பிறகு நிரப்பும் படிவம், அது முடிந்ததும் வரும் நன்றிப் பக்கம், அந்தப் பக்கம் திறந்தால் ஒரு கன்வெர்ஷன், அதாவது விளம்பரத்தால் ஒருவர் சேர்ந்தார் என்று ஒரு எண் கூடும். இரண்டு வாரத்தில் 41 என்று காட்டியது, என் ஜிபேயில் பணம் வந்ததோ 15 பேரிடமிருந்து. என்னடா இது என்று பார்த்தால், வாட்ஸ்அப் குழுவின் இணைப்பை நான் அந்த நன்றிப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். குழுவுக்கு வர வேண்டும் என்றால் பிள்ளைகள் அந்தப் பக்கத்தையே மறுபடி மறுபடி திறந்திருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு எண் கூடியிருக்கிறது. கன்வெர்ஷன் அமைப்பில் ஒரு கிளிக்குக்கு ஒன்று மட்டும் எண்ணும் தேர்வு இருக்கிறது. பொருள் விற்கும் கடைக்குத்தான் ஒவ்வொன்றையும் எண்ண வேண்டும், வகுப்புச் சேர்க்கைக்கு ஒன்றே போதும். அதை மாற்றியதும் இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்துப் போனது.

இதைவிட எனக்குக் கைகொடுத்தது சாதாரண ஒரு வழி. என் இணையப் பக்கத்தில் இருக்கும் வாட்ஸ்அப் பொத்தானை அழுத்தினால் செய்தி தானாக எழுதி வரும் இல்லையா, அந்தச் செய்தியின் கடைசியில் விளம்பரத்துக்கு ஒரு குறி வைத்தேன். "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்ற விளம்பரத்தில் வருபவர்களுக்கு ம1, "45 நாளில் கல்யாண பிளவுஸ் போடக் கற்கலாம்" என்பதில் வருபவர்களுக்கு ம2. செய்தி வந்ததும் குறியோடு நோட்டில் ஏற்றிவிடுவேன்.

கிரெடிட் 20,000 வந்தபோது இந்த ஏற்பாடு கையில் இருந்தது. ம1-க்கு 11,000 போனது, 74 பேர் விசாரித்தார்கள், சேர்ந்தது 4 பேர். ம2-க்கு 9,000 போனது, 31 பேர் விசாரித்தார்கள், சேர்ந்தது 13 பேர். விசாரிப்பை மட்டும் பார்த்திருந்தால் முழுப் பணத்தையும் ம1-இல் கொட்டியிருப்பேன். அதில் ஒருவரைச் சேர்க்க 2,750 ஆகியிருக்கிறது, என் கட்டணமே 2,500. ம2-இல் ஒருவருக்கு 700 ரூபாய்கூட ஆகவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை. கூகுள் ஆட்ஸ் ஒரு சேர்க்கையை அது நடந்த நாளில் எழுதாது, கிளிக் நடந்த நாளில் எழுதும். மாதக் கடைசியில் பார்த்தால் என் கணக்கில் 22 முதல் 28 வரை பூஜ்யமாகவே இருக்கும். நிறுத்திவிடலாம் என்று கை போகும். ஆனால் அந்த நாட்களில் கிளிக் செய்தவர்கள் வீட்டில் பேசி, சம்பளம் வந்து, 1-ஆம் தேதியிலிருந்து 5-ஆம் தேதிக்குள் பணம் கட்டுவார்கள். அப்போது பழைய தேதிகளில் எண்கள் முளைக்கும். அதனால் பத்து நாளாவது ஆகாத எண்ணை நான் நம்புவதில்லை.

கிரெடிட் தீர்ந்தது என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். தீர்ந்த மறு நிமிடம் கார்டிலிருந்து பணம் போகத் தொடங்கும். நான் கேம்பைனுக்கு, அதாவது ஓடும் விளம்பரத் தொகுப்புக்கு, முன்கூட்டியே முடிவுத் தேதி போட்டுவிட்டேன்.

ஈரோடு, கணக்குப் பயிற்சி மையம்:

அக்கா, உங்களுக்காவது கிரெடிட் வந்தது. எனக்கு வரவே இல்லை, காரணம் 18 சதவீத ஜிஎஸ்டி.

எனக்கும் அதே 20,000 கூப்பன்தான். முன்பணம் கட்டும் முறையில் கணக்கு வைத்திருந்தேன், சரியாக 20,000 ஏற்றினேன். அதில் வரி போக விளம்பரத்துக்கு நின்றது 16,949 ரூபாய்தான். கூப்பன் நிபந்தனையில் செலவு என்றால் வரி நீங்கிய செலவு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஊருக்கே ஜிஎஸ்டி பாடம் நடத்துகிற நான் அந்த வாக்கியத்தைப் படிக்காமல் விட்டது பெரிய வருத்தம். 60 நாள் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். 23,600 ஏற்றியிருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் கணக்குத் தொடங்கும்போதே தங்கள் எண்ணைக் கொடுத்துவிடுங்கள், உள்ளீட்டு வரியாக அந்த 3,600-ஐ, நாம் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

என் வகுப்பு நேரில் வந்து படிப்பது. பவானி, பெருந்துறை, சென்னிமலை, இந்தச் சுற்று வட்டாரத்திலிருந்துதான் பஸ் ஏறி வருவார்கள். ஆனால் முதல் மாதம் பெங்களூரிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் கிளிக் வந்துகொண்டே இருந்தது. இடத் தேர்வில், அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு முதலிலேயே தேர்வாகியிருக்கும். உள்ளே போய், இங்கே இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றினேன். மையத்தைச் சுற்றி 25 கிலோமீட்டர் வட்டம் போட்டேன். மற்ற இணையதளங்களிலும் விளம்பரத்தைக் காட்டும் டிஸ்ப்ளே நெட்வொர்க் என்ற டிக்கையும் எடுத்துவிட்டேன். சின்ன பட்ஜெட்டுக்கு இந்த இரண்டும்தான் முதல் வேலை என்பேன்.

நாளுக்கு 500 என்று போட்டால் 500-க்குள் நிற்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு நாளில் இரண்டு மடங்கு வரை போகலாம். மாதக் கணக்கில்தான் 30.4 நாளின் அளவு, அதாவது 15,200-ஐத் தாண்டாது. முதல் ஞாயிற்றுக்கிழமை 1,000 போனதைப் பார்த்துப் பதறி எல்லாவற்றையும் நிறுத்தினேன், அதில் நான்கு நாள் வீணாகிவிட்டது.

அக்கா, நோட்டு என்கிறீர்களே, அதில் என்னென்ன கட்டம் போட்டிருக்கிறீர்கள்?

திருச்சி, யோகா ஆசிரியர்:

நான் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்தேன். ஆப்புக்குள்ளேயே நிரப்பும் படிவம். முதல் மாதம் 140 பேர் பதிவு செய்தார்கள், வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கூப்பிட்டால் பாதி எண்கள் இல்லை, மீதிப் பேர் நான் எதுவும் நிரப்பவில்லையே என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. படிவத்தில் பெயரும் எண்ணும் ஏற்கெனவே நிரம்பி வரும், என்றோ கொடுத்த பழைய எண்ணாகக்கூட இருக்கும், விரல் பட்டால் போய்விடும். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லும் வகைப் படிவத்துக்கு மாறினேன். காலையா மாலையா எந்த நேரம் வசதி என்று தாங்களே தட்ட வேண்டிய ஒரு கேள்வியும் வைத்தேன். பதிவு 52 ஆகக் குறைந்தது. சேர்ந்தவர்கள் 6-லிருந்து 9 ஆனார்கள்.

அந்தப் படிவத்தில் வந்த பெயர்களை 90 நாள் வரைதான் இறக்கிக்கொள்ள முடியும். வாராவாரம் எடுத்து வைத்துவிடுங்கள்.

வலிக்கிற விஷயம் ஒன்று. முதல் வருடம் விளம்பரத்தை ஒரு ஏஜென்சி பார்த்துக்கொண்டது, கணக்கும் அவர்கள் பெயரில். நாங்கள் பிரிந்தபோது, விளம்பரம் பார்த்து வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பதியும் பிக்ஸல் என்ற நிரல் துண்டு, பழைய எண்கள், எந்த விளம்பரம் எடுபட்டது என்ற விவரம், எல்லாம் அவர்களோடு போய்விட்டது. நான் பணம் கட்டிய ஒரு வருடத்துக்கு என் கையில் ரசீது மட்டும்தான் மிச்சம். கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும், வேலை செய்பவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள்.

நெல்லை, கண்தான அறக்கட்டளைத் தொண்டர்:

எங்களுடையது வேறு வகைக் கிரெடிட். பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களுக்குக் கூகுளின் ஆட் கிராண்ட்ஸ் என்ற திட்டத்தில் மாதம் 10,000 டாலர் வரை தேடல் விளம்பரம் இலவசம். நாளுக்கு 329 டாலர் என்று கணக்கு, மிஞ்சியது அடுத்த மாதத்துக்கு வராது. மருத்துவமனை, பள்ளி, அரசு அமைப்புகளுக்கு இது கிடையாது.

பெரிய தொகையாகத் தெரிந்தாலும் எங்களால் அதில் சிறு பங்கைக்கூடச் செலவழிக்க முடியவில்லை. தமிழில் கண்தானம் பற்றித் தேடுபவர்கள் அவ்வளவுதான். பணம் வீணாகிறதே என்ற பதற்றத்தில் கண் வலி, கண் டாக்டர் என்று சம்பந்தமில்லாத கீவேர்டுகளைச் சேர்த்தோம். விளம்பரம் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தெரிந்தது, கிளிக் மட்டும் வரவில்லை. விளம்பரம் நூறு தடவை தெரிந்தால் எத்தனை கிளிக் வருகிறது என்பதுதான் கிளிக் விகிதம். கணக்கு முழுவதற்கும் அது 5 சதவீதம் இருக்க வேண்டும், தொடர்ந்து இரண்டு மாதம் குறைந்தால் கணக்கு நிற்கும். எங்களுடையது நின்றது. கேட்டு, திருத்தி, மறுபடி வாங்க ஒரு மாதம் ஆனது. இப்போது கிடைக்கும் தொகையில் சிறு பங்குதான் செலவாகிறது, அதில் எங்களுக்கு வருத்தமே இல்லை.

எங்கள் அறக்கட்டளையில் நீண்ட நாள் பேசிய கேள்வி, எதைச் சேர்க்கை என்று எண்ணுவது என்பது. முதலில் உறுதிமொழிப் படிவத்தை எண்ணினோம். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசிய கண்தான இருவாரத்தில் படிவங்கள் குவிந்தன. படம் எடுத்துப் போட்டோம், பாராட்டினார்கள். ஆனால் கண்கள் வந்தது அந்தப் படிவங்களால் இல்லை. இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது ஒருவர், அழுகைக்கு நடுவில், போனில் தேடிக் கூப்பிட வேண்டும். படிவம் நிரப்பியவர் தன் வீட்டாரிடம் சொல்லாமலே போயிருக்கலாம்.

அதனால் முதன்மைக் கன்வெர்ஷனாக அழைப்புப் பொத்தானை வைத்தோம். "கண்தானம் செய்ய யாரைக் கூப்பிடுவது", "இறந்த பிறகு கண் எடுக்க எவ்வளவு நேரம்" என்று தேடுபவர்களுக்கு, விளக்கம் ஏதுமில்லாமல் தொலைபேசி எண் மட்டும் பெரிதாகத் தெரியும் தனிப் பக்கம் செய்தோம். இரவு 2 மணிக்கும் எடுக்க ஆள் வைத்தோம். மாதத்துக்கு நூற்றுக்கணக்கில் வந்த கன்வெர்ஷன் எண்ணிக்கை இப்போது விரல் விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. அந்த ஒவ்வோர் அழைப்பும் ஒரு வீடு. இருவர் பார்வை பெறலாம் என்று தெரிந்துதான் அவர்கள் கூப்பிடுகிறார்கள்.

மதுரை, ஆரி வகுப்பு நடத்துபவர்:

நெல்லைக்காரர் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. எங்கள் அப்பா போனபோது நாங்களும் அப்படித்தான் எண் தேடினோம், கிடைத்தபோது நேரம் கடந்திருந்தது. அந்தத் தனிப் பக்கத்தின் இணைப்பைத் தயவுசெய்து இங்கே போடுங்கள், என் மாணவிகள் குழுவில் பகிர்கிறேன்.

ஈரோடு தம்பி கேட்ட கட்டங்கள்: தேதி, குறி, பெயர், ஊர், பணம் கட்டிய தேதி. கடைசியில் யார் சொல்லி வந்தார்கள் என்று ஒரு கட்டம். இதை மூன்று மாதம் முன்புதான் சேர்த்தேன். விளம்பரம் பார்த்து வந்த பெண் தன் நாத்தனாரையும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டி வருவாள், அது எந்த ரிப்போர்ட்டிலும் ஏறாது. போன மாதம் சேர்ந்த 14 பேரில் 5 பேருக்கு அந்தக் கட்டத்தில் பழைய மாணவியின் பெயர் இருக்கிறது, ஐந்துமே ம2-இல் வந்த பிள்ளைகளின் பெயர்கள். அதனால் தை மாத வகுப்புக்கு ம1-ஐ நிறுத்திவிட்டு ம2-க்கு மட்டும் பணம் போடுகிறேன்.