வயதான காலத்தில் ஆயுள் தண்டனை: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மதுரை வக்கீல்

சட்ட உதவி வக்கீலாக மத்தியச் சிறைக்குப் போய்வருகிறவன் நான். எந்தச் சிறை என்று வேண்டாம், தெற்கே ஒன்று. அங்கே இருக்கும் ஒரு பெரியவர் விஷயத்தில் மனசு கேட்காமல்தான் இதை ஆரம்பிக்கிறேன். அவருக்கு இப்போது 75 வயது. வரப்புத் தகராறு. பங்காளியோடு வாய்ச்சண்டையில் தொடங்கி மண்வெட்டியில் போய் முடிந்தது, ஓர் உயிர் போய்விட்டது. 2016-இல் செஷன்ஸ் கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தபோது இவருக்கு 66. ஹைகோர்ட்டில் அப்பீலும் தள்ளுபடி ஆகிவிட்டது. தீர்ப்பு தப்பு என்று சொல்ல வரவில்லை. கேஸ் கட்டை முழுக்கப் படித்திருக்கிறேன், வெட்டியது இவர்தான், அவரும் அதை மறுப்பதில்லை.

என்னைப் பார்த்ததும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, பதினாலு எப்ப முடியும்?" ஆயுள் என்றால் பதினாலு வருஷம் என்றுதான் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். அப்படிக் கிடையாது. ஆயுள் என்றால் உயிர் உள்ளவரை என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே நாதுராம் கோட்சேயின் தம்பி கோபால் கோட்சே வழக்கில் சொல்லிவிட்டது. பதினாலு வருஷக் கணக்கு 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்த 433-ஏ பிரிவால் வந்தது, இப்போது புதுச் சட்டத்தில் அது 475. மரண தண்டனைக்கும் இடம் உள்ள குற்றத்தில் ஆயுள் வாங்கியவரைப் பதினாலு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சட்டப்படி விட முடியாது என்பதுதான் அதன் பொருள். பதினாலு முடிந்தால் கதவு திறக்கும் என்று அதில் எங்கேயும் இல்லை, பரிசீலிக்கச் சொல்லிக் கேட்கலாம், அவ்வளவுதான். இதை எத்தனையோ கைதிகளிடம் சொல்லியிருக்கிறேன், அந்தப் பெரியவரிடம் மட்டும் முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை. பதினாலு முடியும்போதே அவருக்கு எண்பது ஆகியிருக்கும்.

சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுப்பார். உள்ளே எல்லாம் பெரியாஸ்பத்திரி ஓபி சீட்டுகள். கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி போட்ட சீட்டு, அந்தத் தேதி தவறி மறுபடி தேதி போட்ட சீட்டு, அதுவும் தவறி இன்னொன்று. மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன இடத்தைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறார். அவருக்கு எழுத்து தெரியாது, எந்தச் சீட்டு எதற்கு என்று தாளின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். இப்போது நிறமும் சரியாகத் தெரிவதில்லை.

எனக்கு இருக்கிற ஆதங்கம் இதுதான். நம் மாநிலத்தில் ஆயுள் கைதிகள் மொத்தமாக வெளியே வருவது பெரும்பாலும் தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டித்தான். 2008-இல் அண்ணா நூற்றாண்டுக்கு 1,405 ஆயுள் கைதிகளை விட்டார்கள். எம்ஜிஆர் நூற்றாண்டுக்கு 2018-இல் வந்த அரசாணையில் பத்து வருஷம் முடித்தவர்களோடு, 60 வயது தாண்டி ஐந்து வருஷம் முடித்தவர்களையும் சேர்த்தார்கள். நல்ல மனசோடு போட்ட ஆணை, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குக் கணக்கு நாள் 2018 பிப்ரவரி 25. எங்கள் பெரியவர் அப்போது உள்ளே வந்தே இரண்டு வருஷம் ஆகவில்லை. 2021-இல் அண்ணா பிறந்தநாளுக்கு 700 பேர் என்று அறிவித்தபோது பத்து வருஷம் கேட்டார்கள். அதிலும் இவர் இல்லை. ஒருவருக்கு வயதும் நோயும் வருவதற்கும் ஒரு தலைவரின் பிறந்தநாளுக்கும் என்ன சம்பந்தம்? இந்த வயதில் இத்தனை வருஷம் முடித்தால், உடம்பு இந்த நிலைக்கு வந்தால், வருஷா வருஷம் தானாகவே ஃபைல் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு நிலையான ஏற்பாடு ஒழுங்காக நடந்தால் போதும் என்கிறேன்.

உள்ளே வேலை பார்த்தவர்கள், சொந்தத்தில் யாராவது உள்ளே இருப்பவர்கள், பாதிக்கப்பட்ட குடும்பத்தார் யாராக இருந்தாலும் எழுதுங்கள்.

ரிட்டயர்டு ஏட்டு

சிறைத்துறையில் இரண்டாம்நிலைக் காவலராகச் சேர்ந்து முதல் தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவன். வக்கீல் சார் சொன்ன அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. சிறை டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் வெளி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எஸ்கார்ட் போலீஸ் வர வேண்டும். ஊரில் திருவிழா, மந்திரி வருகை, தேர்தல் என்றால் எஸ்கார்ட் கிடையாது. கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் முதலிடம், ஏனென்றால் வாய்தாவுக்கு ஆள் வரவில்லை என்றால் ஜட்ஜ் கேட்பார், கண் ஆபரேஷன் தள்ளிப்போனால் யார் கேட்கிறார்கள்?

பகலில் வயசான கைதிகள் சமாளித்துக்கொள்வார்கள், ராத்திரிதான் கஷ்டம். சாயங்காலம் ஆறு மணிக்கு லாக்கப் போட்டால் மறுநாள் காலையில்தான் திறப்போம். ஒரு பேரக்கில் இருபது முப்பது பேர், மூலையில் ஒரு கக்கூஸ். அதன் பக்கத்தில் படுக்க யாருக்கும் பிடிக்காது, புதிதாக வருகிறவன் தலையில்தான் அந்த இடத்தைக் கட்டுவார்கள். ஆனால் வயசானவர்கள் அந்த இடத்தைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ராத்திரி நாலு தடவை எழ வேண்டியிருக்கும், இருட்டில் படுத்திருப்பவனை மிதித்துவிட்டால் வம்பு. முட்டி மடங்காத கிழவர்கள் கக்கூஸ் சுவரில் ஒரு கையை ஊன்றி ஊன்றி அந்த இடத்தில் சுண்ணாம்பே தேய்ந்துபோயிருக்கும்.

ஒருத்தரை மறக்க முடியாது. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள், ஒரே மகன். ரொம்ப வருஷம் கழித்து சாதா விடுப்பு கிடைத்தது, பரோல் என்று நீங்கள் சொல்வது. புது வேட்டி சட்டை வாங்கிக் கொடுத்து அனுப்பினோம், சக கைதிகள் எல்லாம் கேட் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லீவு முடிய இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும்போது, காலையில் மெயின் கேட்டில் அதே மஞ்சப்பையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். என்னய்யா, நாள் இருக்கே என்றேன். "அங்க பேரப்புள்ளைக்குப் பொண்ணு பாக்குறாங்க ஏட்டய்யா, நான் திண்ணையில உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்" என்றார். மகன் மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் லீவுக்கு எழுதிக் கொடுக்கவே இல்லை. கடைசியில் உள்ளேயேதான் போனார். கஸ்டடியில் செத்தால் இயற்கைச் சாவாகவே இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும், மாஜிஸ்ட்ரேட் வந்து விசாரிக்க வேண்டும், அப்புறம்தான் பாடி. அந்த விதி தேவைதான், இல்லையென்றால் அடித்துக் கொன்றதையும் மூடி மறைத்துவிடுவார்கள். அதுவரைக்கும் ஜிஹெச் மார்ச்சுவரி வாசலில் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது நானும் இன்னொரு காவலரும்தான். மகன் சாயங்காலம் வந்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கிழவர்களைக் குளிப்பாட்டி, துணி துவைத்துப்போட்டுப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் சின்ன வயது ஆயுள் கைதிகள்தான். யாரும் டியூட்டி போட்டுச் செய்யச் சொல்வதில்லை, தானாகச் செய்கிறார்கள்.

அரூர்க்காரி

மேலே இருக்கிற இரண்டையும் படித்தேன், கண் கலங்கியது. ஆனாலும் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. நான் தர்மபுரி மாவட்டம். வாச்சாத்தி என்றால் எல்லோருக்கும் தெரியும். 1992 ஜூன் 20, சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். ஊரையே ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தார்கள், 18 பெண்களை ஏரிப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சீரழித்தார்கள். கேஸ் நடத்தவே போராட்டம், 1995-இல் ஹைகோர்ட் சொன்ன பிறகுதான் சிபிஐ வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி கோர்ட் தீர்ப்பு சொல்லும்போது அதில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள். அப்புறம் அப்பீல். 2023 செப்டம்பர் 29 அன்று, சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஹைகோர்ட் அதை உறுதி செய்தது.

முப்பத்தொரு வருஷம். 1992-இல் லத்தியோடு வந்தவர்களில் நிறையப் பேர் 2023-இல் பென்ஷன் வாங்குகிற தாத்தாக்கள். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் டீக்கடையில் ஒருத்தர், "பாவம், இந்த வயசில போய் ஜெயில்ல போடணுமா" என்றார். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அந்தப் பெண்களுக்கும்தான் வயதாகிவிட்டது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை அதில் உண்டு, அந்த வயதில் கோர்ட் படி ஏற ஆரம்பித்து, நரை வந்த பிறகும் ஏறிக்கொண்டிருந்தார்கள். வயது கூடியதே வழக்கை இழுத்தடித்ததால்தான் என்றால், அந்த வயதைக் காட்டி இரக்கம் கேட்பது எந்த ஊர் நியாயம்? இழுத்தடிக்க வசதி உள்ளவனுக்குக் கிடைத்த வெகுமதி ஆகிவிடாதா அது?

வக்கீல் அண்ணா சொல்வது அந்தப் பெரியவர் மாதிரி ஆட்களுக்கு என்று புரிகிறது. தண்டனையை ஏற்றுக்கொண்டு ஒன்பது வருஷம் உள்ளே இருந்தவரும், முப்பது வருஷம் வெளியே வாழ்ந்துவிட்டு உள்ளே போகிறவரும் ஒன்றில்லை. விதி எழுதுகிறவர்கள் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

போக்சோ கேஸ்களில் குழந்தையோடு போகிறவள்

சுருக்கமாகச் சொல்கிறேன், குழந்தைகள் விஷயம் என்பதால் விவரம் வேண்டாம். நான் பார்த்த கேஸ்களில் பாதிப்பேர் பக்கத்து வீட்டுத் தாத்தா, சொந்தத்தில் பெரியவர், வாட்ச்மேன். தாத்தா என்பதால்தான் குழந்தையை நம்பி விட்டிருப்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு கடுமையான குற்றத்துக்குக் குறைந்தது 20 வருஷம். 70 வயதுக்காரருக்கு 20 வருஷம் என்று பேப்பரில் பார்த்தால் பெரிதாகத் தெரியும். ஒரு வழக்கில் தீர்ப்பு வந்த அன்று, "அவர் திரும்பி வந்தா நாங்க வீடு மாத்தணும் மேடம், வர மாட்டார்ல" என்றுதான் அந்த அம்மா கேட்டார். அந்தப் பிள்ளை வளர்ந்து ஊரைவிட்டுப் போகிற வரைக்குமாவது அந்த ஆள் தெருவில் இருக்கக் கூடாது. முன்விடுதலை அரசாணைகளில் பாலியல் குற்றத்தை விலக்கி வைப்பது சரி என்றே நினைக்கிறேன். உடம்புக்கு வைத்தியம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பெரியப்பாவுக்காக

என் பெரியப்பா உள்ளே இருக்கிறார், 71 வயது. முன்விடுதலைக்கு மனு கொடுத்தோம். நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்து விசாரித்தார். எங்களைக் கேட்டார், ஸ்டேஷனில் கேட்டார், இறந்தவர் வீட்டிலும் கேட்டார். அவர்கள் "வந்தா பிரச்சினை வரும்" என்று சொல்லிவிட்டார்கள், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மனு நிராகரிக்கப்பட்டது. நான் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன், இங்கேயே என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன், ஊர்ப்பக்கமே கூட்டிப்போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் எடுபடுமா? ஜெயிலில் அவரைப் பார்க்கப் போகும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனில் பேசுகிறார், காது கேட்பதில்லை. நான் கத்துகிறேன், அவர் தலையை மட்டும் ஆட்டுகிறார். என்ன புரிந்தது என்றே தெரியாமல் திரும்பி வருகிறேன்.

மதுரை வக்கீல்

அரூர்த் தங்கச்சி சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். தீர்ப்பு சொல்லும்போது வயதைப் பார்த்துக் கைவிடுவது வேறு, உள்ளே போய் வருஷங்கள் கழிந்த பிறகு உடம்பைப் பார்ப்பது வேறு. 1984 டெல்லி சீக்கியர் கலவர வழக்கில் முன்னாள் காங்கிரஸ் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு 2018-இல் ஆயுள் கொடுத்தபோது வயது 73. 2025 பிப்ரவரியில் இன்னொரு கொலை வழக்கில் தூக்கு கேட்டார்கள், வயதையும் நோயையும் சொல்லித்தான் கோர்ட் ஆயுளோடு நிறுத்தியது. சிறைக்கே அனுப்பாமல் விடவில்லை. அது சரியான அளவு என்று எனக்குப் படுகிறது. மறுபக்கம், பழங்குடி மக்களுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியை நினைத்துப் பாருங்கள், நம் திருச்சிப் பக்கத்துக்காரர், தண்டனையே ஆகாதவர், 83 வயதில் நடுக்குவாதத்தோடு உள்ளே போய், தண்ணீர் குடிக்க உறிஞ்சு குவளை வேண்டும் என்று கோர்ட்டில் கேட்க வேண்டி வந்தது. 2021 ஜூலையில் ஜாமீன் வராமலே ஆஸ்பத்திரியில் இறந்தார்.

பெரியப்பாவுக்காகக் கேட்ட தம்பிக்கு: தாராளமாகக் கொடுக்கலாம். வேறு ஊரில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்பது புதிய சூழ்நிலை. உங்கள் பெயரில் வாடகை ஒப்பந்தம், ரேஷன் கார்டு, ஆதார் நகல், வீட்டுக்காரரின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், இவற்றோடு சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு கொடுங்கள், உள்துறைச் செயலாளருக்கும் ஒரு பிரதி பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திருப்பூரில் விசாரிக்கச் சொல்லி அதிலேயே கேளுங்கள். அரசியலமைப்பின் 161-ஆவது பிரிவு ஆளுநருக்குத் தரும் தண்டனைக் குறைப்பு அதிகாரத்துக்குப் பதினாலு வருஷத் தடை கிடையாது, அதன் கீழும் பரிசீலிக்கச் சொல்லி எழுதலாம். பதிலே வரவில்லை என்றால் இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி ஹைகோர்ட்டில் ரிட் போடலாம். காசு இல்லை என்று தயங்க வேண்டாம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் வைத்துக் கொடுக்கும். தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2024 டிசம்பரில் முதிய கைதிகளுக்கும் தீராத நோயுள்ள கைதிகளுக்கும் என்றே தனி இயக்கம் தொடங்கியது, அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். காது விஷயத்துக்குத் தனி மனு போடுங்கள், இரண்டையும் ஒன்றில் கலக்க வேண்டாம். காதுப் பரிசோதனையும் கருவியும் சீக்கிரம் கிடைக்கக்கூடியவை, விடுதலை மனுவோடு சேர்த்தால் அதுவும் ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் பெரியவருக்குக் கண் ஆபரேஷனுக்கு மட்டும் இப்போது மனு தயார் செய்கிறேன். ஏட்டய்யா, எஸ்கார்ட் எந்த நாளில் சுலபமாகக் கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள், அந்த நாளுக்கே தேதி கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.