1998 மே 6, ரிக்லி ஃபீல்டு

வாட்ஸ்அப் குழு: நம் குடும்பம்

சுதா: சித்தப்பா, வணக்கம். அடுத்த மாதம் அலுவலக வேலையாகச் சிகாகோ வருகிறேன். ஒரு பகல் முழுக்க ஓய்வு கிடைக்கிறது. ரிக்லி ஃபீல்டில் பேஸ்பால் பார்க்கலாம் என்று உடன் வருகிறவர்கள் சொல்கிறார்கள். விதிகள்கூடத் தெரியாத நான் போனால் ரசிக்க முடியுமா?

சிகாகோ சித்தப்பா: கட்டாயம் போம்மா. 1914-இல் திறந்த மைதானம் அது. 1988 ஆகஸ்ட் வரை அங்கே இரவு ஆட்டத்துக்கு விளக்கே கிடையாது. சிகாகோவின் கப்ஸ் அணிக்கு அதுதான் சொந்த மைதானம், அங்கே ஆடியதெல்லாம் பகலில்தான். ரெட் லைன் ரயிலில் அடிசன் நிலையத்தில் இறங்கினால், குடியிருப்புகளுக்கு நடுவே மைதானம் நிற்பதைப் பார்க்கலாம். களத்தின் எல்லைச் சுவர் முழுக்க ஐவி என்ற படர்கொடி படர்ந்திருக்கும். பந்து அதற்குள் போய்ச் சிக்கிக்கொண்டால் களத்தில் நிற்பவர் இரு கைகளையும் தூக்கிக் காட்டுவார், அடித்தவருக்கு, ஓட்டம் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய தளங்களில் (பேஸ்) இரண்டு கிடைக்கும்.

கோமதி அத்தை: கப்ஸுக்காகக் கெர்ரி வுட் என்ற பையன் பந்து வீசிய ஆட்டத்தைப் பற்றிச் சொல் தம்பி. அந்த வாரம் நீ தொலைபேசியில் அம்மாவிடம் நலம் விசாரித்ததைவிட அதைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

சிகாகோ சித்தப்பா: அதைத்தான் எழுத வந்தேன் அக்கா. 1998 மே 6, புதன்கிழமை. வேலை நாள், மேகமூட்டம், அவ்வப்போது தூறல். அதனால் பதினாறாயிரம் பேர்கூட வரவில்லை, இருக்கைகளில் பாதிக்கு மேல் காலி. மே மாதத் தொடக்கம் என்பதால் கொடியும் இன்னும் முழுதாகத் தழைத்திருக்கவில்லை, இலைகளுக்கு இடையே செங்கல் தெரிந்தது. எதிரே ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். பிஜியோ, பாக்வெல், அலூ என்று எந்தப் பந்து வீச்சாளரையும் கலங்கடிக்கக்கூடிய பேட்டர்கள் வரிசை. வுட்டுக்கு அப்போது வயது 20, அமெரிக்காவின் உச்சப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் அவர் தொடக்கப் பந்து வீச்சாளராக இறங்கிய ஐந்தாவது ஆட்டம் அது.

முதல் ஐந்து பேரும் ஸ்டிரைக் அவுட். தோள் உயரத்தில் வருவதுபோல் தெரிந்த பந்து கடைசி நொடியில் முழங்காலுக்கு இறங்கியதையும், நேராக வந்த வேகப்பந்து பிடிப்பவரின் கையுறையில் விழுந்த சத்தம் காலி இருக்கைகளில் மோதி எங்கள் வரிசைவரை கேட்டதையும் நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

சுதா: ஸ்டிரைக் அவுட் என்றால் நம் கிரிக்கெட்டில் கிளீன் போல்டு மாதிரியா?

சிகாகோ சித்தப்பா: ஏறக்குறைய அப்படித்தான், மூன்று ஸ்டிரைக் (சரியான பந்தை விடுவது அல்லது வீசித் தவறுவது) ஆனால் பேட்டர் வெளியே; களத்தில் நிற்கும் மற்றவர்களின் உதவி தேவைப்படாத விக்கெட். ஓர் அணியை முழுமையாக முடக்க அதன் பேட்டர்களை மொத்தம் 27 முறை ஆட்டமிழக்கச் செய்ய வேண்டும். அன்று வுட் அதில் 20 முறை ஸ்டிரைக் அவுட் செய்தார், ஒருவரைக்கூட நான்கு தவறான பந்துகள் போட்டு இலவசமாகத் தளத்துக்கு அனுப்பவில்லை. ஸ்டிரைக் அவுட் ஆக ஆக, பிளீச்சர்ஸ் என்ற திறந்தவெளி இருக்கைப் பகுதியில், ஸ்டிரைக் அவுட்டைக் குறிக்கும் ‘கே’ எழுதிய அட்டைகளும் கூடிக்கொண்டே போயின. ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு யாரும் உட்காரவில்லை. ஒன்பதாவதில் முதல் ஆள் வீழ்ந்ததும் கணக்கு 19. பிஜியோ தரையோடு அடித்து ஆட்டமிழந்ததால் டெரெக் பெல் ஒருவர்தான் மிச்சம். கடைசிப் பந்து வெளிப்பக்கம் வளைந்து விலகியது, பெல்லின் மட்டை காற்றில் சுழன்றது. ஒரே ஆட்டத்தில் 20 ஸ்டிரைக் அவுட் என்ற, பந்து வீச்சாளர் ரோஜர் கிளெமென்ஸின் சாதனையை இருபது வயதுப் பையன் சமன் செய்துவிட்டான்! பக்கத்தில் இருந்த, முன்பின் அறியாத பெரியவர் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அருண்: சுதா அக்கா, கப்ஸ் வென்றது 2-0 என்ற கணக்கில்தான். மறு ஆண்டு முழங்கை அறுவைச் சிகிச்சையால் வுட் ஆடவே இல்லை. 2012 மே மாதம் அதே மைதானத்தில் கடைசியாக ஒரே ஒரு பேட்டருக்கு வீசி, அவரையும் மூன்றே பந்துகளில் ஸ்டிரைக் அவுட் செய்துவிட்டு, ஓடி வந்த தன் மகனை அணைத்துக்கொண்டார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்து அப்பா அழுதார்.

சுதா: ஒருவர்கூட அவர் பந்தை அடிக்கவில்லையா சித்தப்பா?

சிகாகோ சித்தப்பா: மூன்றாவது இன்னிங்ஸில் ரிக்கி குட்டியரெஸ் அடித்த பந்து மூன்றாம் தளத்தில் நின்றவரின் கையுறையில் பட்டு நழுவியது. அது ஹிட் என்று பதிவானது. அதை ஹிட் ஆக்காமல் களத்தில் நின்றவரின் பிழை என்று குறித்திருந்தால் நோ-ஹிட்டர், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம், ஆகியிருக்கும் என்று இங்கே இன்றும் வாதிடுகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. நீட்டிப் பாய்ந்தும் பிடிபடாத பந்துக்கு அவரைக் குற்றம் சொல்வது நியாயமாகாது, அந்த ஹிட் அப்படியே இருப்பதால் வுட்டின் பெருமை எள்ளளவும் குறையவில்லை. எந்தத் தேதி என்று சொல்லு. பகல் ஆட்டம் இருந்தால் பிளீச்சர்ஸில் இடம் பிடிக்கிறேன். ஏரிக்காற்று குளிரும், ஒரு ஜாக்கெட் எடுத்து வா.