பாப்பா குழு

சித்தி: தம்பி அனுப்பிய படம் பார்த்தேன். மூக்கில் மட்டும்தான் குழாய் இருக்கிறது. 29 வாரத்தில் பிறந்தவள், வென்டிலேட்டர் வைக்க வேண்டாமா?

மாமா: நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். பெரிய டாக்டரிடம் பேசட்டுமா?

நான்: மாமா, கொஞ்சம் பொறுங்கள். பதினொரு வருடமாக இந்த மாதிரி வார்டில்தான் வேலை பார்க்கிறேன். பாப்பா தானாகவே மூச்சு விடுகிறாள். அந்தக் குழாய்க்கு சிபேப் என்று பெயர். சுருங்கிக் கிடக்கும் பலூனை முதலில் ஊதுவதுதானே கஷ்டம்? அவள் நுரையீரலும் அப்படித்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் முழுசாகச் சுருங்கிவிடாமல் லேசான அழுத்தம் பிடித்து வைக்கிறது. புதுச் சோதனையும் இல்லை, 1971-லேயே கிரெகரி என்ற டாக்டர் எழுதிய முறை.

சித்தி: மெஷினே மூச்சு கொடுத்தால் அவளுக்குச் சிரமம் இல்லையே?

நான்: தேவைப்படும் குழந்தைக்கு அது உயிர் காக்கும், சித்தி. ஆனால் தொண்டைக்குள் குழாய் விட்டுக் காற்றைத் தள்ளும்போது அந்தப் பிஞ்சு நுரையீரல் புண்படலாம். சில குழந்தைகள் மாதக்கணக்கில் ஆக்சிஜனோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நுரையீரலை விரிய வைக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்தைக்கூட இவளுக்கு மெல்லிய குழாய் வழியாக, அவள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே கொடுத்தார்கள்.

தம்பி: அக்கா, தண்ணீர் பாட்டிலில் குமிழி நின்றுவிட்டது!!

நான்: உடனே சிஸ்டரைக் கூப்பிடு. நீ எதையும் தொடாதே.

அம்மா: முருகா

தம்பி: வந்து பார்த்துவிட்டார். வாயைத் திறந்தபடி தூங்கியிருக்கிறாள். ஒரு விரலால் தாடையைத் தாங்கினார், குமிழி திரும்ப வந்துவிட்டது.

மாமா: குமிழிக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

நான்: குழாயின் மறுமுனை தண்ணீரில் 5 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது, மாமா. அந்த ஆழம்தான் அழுத்தம். வாய் வழியாகக் காற்று போய்விட்டால் குமிழி நிற்கும்.

அம்மா: நடுநடுவே மூச்சை மறந்துவிடுகிறாளாமே?

நான்: மூச்சு விடச் சொல்லும் மூளைப்பகுதி இன்னும் முதிரவில்லை, அம்மா. அதற்குத்தான் காஃபீன் கொடுக்கிறார்கள். காபியில் இருக்கும் அதே காஃபீன், அவள் எடைக்கு அளந்து.

தம்பி: அக்கா, சட்டைப் பொத்தானைக் கழற்றி உட்காரச் சொல்கிறார்கள். பாப்பாவை என் நெஞ்சில் வைக்கப் போகிறார்களாம். குழாயோடேவா?

நான்: குழாயோடேதான். மூக்கின் நடுச்சுவரில் அழுத்துகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல், சிவந்தால் சீக்கிரம் புண்ணாகிவிடும்.

தம்பி: சரி. கை கழுவப் போகிறேன், இனி ஃபோன் எடுக்க மாட்டேன்.